ஸ்கார்டாலுக்குப் பத்து மார்க்

ஹால்டிஸ் முப்பத்தோரு வருடம், பனிக்காலத்து ஞாயிறு ஒன்றுவிடாமல், ஆஸ்லோ நகரத்தையே பனிச்சறுக்குக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அவள் மட்டும் போகவில்லை.

ஊருக்குள்ளிருந்து மேலே காட்டுக்கு ஏறும் ரயிலில் அவள் ஓட்டுநர். நான் கீழே நிலையத்தில் டிக்கெட் கூண்டில் இருந்தேன். ஞாயிறு காலை எட்டு மணி வண்டிக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் தீப்பிடித்து எல்லோரும் ஓடுகிறார்களோ என்று தோன்றும். தோளில் சறுக்குக்கட்டை, முதுகில் பை, பைக்குள் ஆரஞ்சும் காப்பி பிளாஸ்க்கும். ஈரக் கம்பளியும் கட்டைக்குப் பூசிய தாரும் சேர்ந்து மணக்கும். அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும் பிளாட்பாரம் வெறிச்சென்று ஆகிவிடும். நான் என் காப்பியை எடுத்துக்கொள்வேன். ஹால்டிஸ் அவர்களைக் காட்டோரத்தில் இறக்கிவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்கி வருவாள், அடுத்த கூட்டத்தை ஏற்றுவதற்கு.

குழந்தை இல்லாதவர்களுக்கு ஞாயிறு ஷிப்டு என்பது டிப்போவில் எழுதாத சட்டம். அவளை யாரும் கேட்டுப் போட்டதில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தும் நானாக ஞாயிறு கேட்டு வாங்கினேன். அன்றைய கணவனை ஒரு நாளாவது பார்க்காமல் இருக்கலாமே என்றுதான். அது வேறு கதை.

அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை காட்டில் ஈ காக்கை இருக்காது. தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவாள். மறுநாள் டிப்போவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துக்கொண்டே கேட்பாள்: "ஞாயித்துக்கெழம அவங்கல்லாம் உள்ள போயி என்னடி பேசிக்குவாங்க?"

கட்டை வழுக்கப் பூசுகிற மெழுகைப் பற்றிப் பேசுவார்கள், வேறென்ன என்பேன் நான். நீலம் பூசுவதா, ஊதா பூசுவதா என்று அடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் பொறாமைப்பட எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. என் கூண்டிலாவது ஒரு ஓட்டை இருந்தது. எந்த ஸ்டேஷன் என்று கேட்கலாம், சில்லறை இல்லையா என்று சண்டை போடலாம். அவளுடைய அறைக்கு ஓட்டைகூடக் கிடையாது. கதவில் ஒரு பலகை மட்டும் இருந்தது: ஓட்டுநரிடம் பேசக் கூடாது. முதுகுக்குப் பின்னால் இருநூறு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவாள்.

அவள் பிறந்தது ஊரின் கிழக்குப் பக்கம், தொழிற்சாலைக் குடியிருப்பில். மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஜோடி சறுக்குக்கட்டை. முறை வைத்துப் போவார்கள். மூன்று ஞாயிற்றில் ஒன்று அவளுடையது. திங்கட்கிழமை காலையில் டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி, நேற்று எங்கே போனாய் என்று கேட்பாராம். போகாத ஞாயிறுகளுக்கு ஹால்டிஸ் கதை கட்டுவாள். வழி தவறிய ஒருவருக்குப் பாதை காட்டினேன், ஒரு மாமி கூப்பிட்டு உட்காரவைத்து சாக்லேட் கொடுத்தாள், ஒரு பாதிரியார் என் பெயரைக் கேட்டார் என்று. எந்தக் கதையை எடுத்தாலும் யாராவது வந்து அவளிடம் பேசுவார்கள். இதை நான் பிற்பாடுதான் கவனித்தேன்.

அவள் கணவர் ஆர்வித் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நல்ல மனிதர். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தைக்கு மேல் பேசினால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

"நானும் மேலயும் கீழயும் போறேன், அவரும் மேலயும் கீழயும் போறாரு. ரெண்டு பேரும் எங்கயும் போய்ச் சேந்தபாடில்ல" என்று அவர் முன்னாலேயே சொல்லுவாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவரைப் பிடிக்கும் எனக்கு.

அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். அவள் வேலை முடிந்து வீட்டுப் படியேறும் சத்தம் கேட்டதும் எழுந்து போய் ரேடியோவை அணைத்துவிடுவார். நாளெல்லாம் கூட்டத்தையும் சத்தத்தையும் சுமந்துவிட்டு வருகிறாளே, காதாவது ஆறட்டும் என்று. இவரே பேசாதவர், ரேடியோவாவது பாடட்டும் என்று அவளுக்கு இருக்கும். ஆனால் அவருக்கு அமைதிதான் பிடிக்கும்போலிருக்கிறது என்று நினைத்து அவள் வாய் திறக்கமாட்டாள். இருபத்தெட்டு வருடம் அந்த ரேடியோ அப்படித்தான் அணைந்தது.

ஈஸ்டர் வாரம் மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத விடுமுறை. ஸ்கார்டால் என்ற மலையூரில் ஒரு சின்ன மரவீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். இருபத்திரண்டு ஈஸ்டர், அதே வீடு, ஆர்வித்துக்கு அதே நீலத் தொப்பி. கதவைத் திறந்து கட்டையை மாட்டினால் பாதை. பாதையில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்லுவார்கள். பனி எப்படி, மேலே காற்றா என்று நின்று விசாரிப்பார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம், கோடையில் மட்டும் மாடு கட்டிப் பால் கறக்கிற, மற்ற மாதங்களில் மூடிக்கிடக்கும் ஒரு குடிசை. அதன் தெற்குச் சுவரில் மதியம் வெயில் விழும். அந்தச் சுவரோரம் ஊரே வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பது யாரென்று தெரியாமலே பேசிக்கொண்டிருக்கும்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஒவ்வொரு வருடமும் ஒரு ஆரஞ்சை உரித்து இவர்களுக்குப் பாதி கொடுப்பார். சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி தன் பித்தப்பை ஆபரேஷனை ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து சொல்லுவாள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் யார் பெயரையும் கேட்டதில்லை. பாதையில் அது வழக்கமில்லை. ஹால்டிஸுக்கு அவர்கள் ஆரஞ்சுக்காரர், பித்தப்பைக்காரி.

ஒரு வருடம் நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கதைகளில் வந்த மனிதர்கள் எல்லாம் நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருப்பதைப் போல ஹால்டிஸின் முகம் ஜொலித்தது. அவ்வளவு பேசினாள். ஆர்வித் அவள் பக்கத்தில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலை நினைத்தால் இப்போதும் என் முழங்கால்களில் சூடு ஏறுகிறது.

ஓய்வு பெற்றதும் எங்கே குடியேறுவது என்பதற்கு ஆர்வித் ஒரு கட்டம் போட்ட நோட்டு வைத்திருந்தார். ஐந்து ஊர்கள். கதவிலிருந்து பாதைக்கு எத்தனை அடி, பனி எத்தனை வாரம், டாக்டர், ரயில், கடை என்று தலைப்புகள். கடைசித் தலைப்பு: மனிதர்கள். ஒவ்வொன்றுக்கும் இருவரும் தனித்தனியே பத்துக்கு மார்க் போடுவார்கள். பிறகு நோட்டைத் திருப்பி ஒப்பிடுவார்கள். லில்லஹாம்மருக்கு எல்லாவற்றிலும் நல்ல மார்க்தான், வீட்டு விலை மட்டும் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. ஸ்கார்டாலில் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார், அதற்கு நான்கு. ஆனால் மனிதர்கள் என்ற கட்டத்தில் அவளும் பத்து போட்டிருந்தாள், அவரும் பத்து போட்டிருந்தார். வேறு எந்தக் கட்டத்திலும் இருவருடைய மார்க்கும் ஒத்துப்போனதில்லை. அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். என்னிடம் நோட்டைக் கொடுத்து, நீயும் போடு என்றாள். நானும் பத்து போட்டேன். அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது, அக்டோபரில், ஆர்வித் ஒரு பள்ளிக்கூடத்து லிஃப்டைச் சரிசெய்தார். கருவிப்பெட்டியை மூடினார். அதன் மேலேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வந்த இரண்டு ஈஸ்டருக்கும் அவள் தனியாகவே போய்வந்தாள். ஆரஞ்சுக்காரர் பாதி ஆரஞ்சை எப்போதும்போல நீட்டினாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். ஓய்வு பெற்றதும் ஸ்கார்டாலில் பாதையோரத்தில் ஒரு மஞ்சள் வீட்டை வாங்கினாள். ஆஸ்லோ வீட்டை ஒரு நர்ஸ் தம்பதிக்கு ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டாள். அவர்களுக்கு அந்த வீட்டை விலைக்கே வாங்கிக்கொள்ள ஆசை. விற்கிறாளா, திரும்பி வருகிறாளா என்று ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது பேச்சு. விற்றுவிட்டால் பிறகு ஆஸ்லோவில் வீடு வாங்க அவளால் முடியாது. போனால் போனதுதான்.

செப்டம்பரில் குடிபோனாள். நாலாம் நாள் போன் செய்தாள்.

கடையில் பால் அலமாரி முன்னால் ஆரஞ்சுக்காரரைப் பார்த்தாளாம். முகமெல்லாம் பல்லாக வணக்கம் சொல்லியிருக்கிறாள். அவர் தலையை லேசாக ஆட்டிவிட்டு, பால் டப்பாவில் தேதியைப் படித்து, ஒதுங்கி வழிவிட்டுப் போய்விட்டாராம். வேறு யாரையோ பார்த்திருப்பாய் என்றேன். தாடி எல்லோருக்கும் நரைக்கத்தானே செய்யும்.

கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் பித்தப்பைக்காரி. தொப்பியில்லாமல் அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாளாம். குரலும் மூன்று வார்த்தைதான் வந்தது. அக்டோபர் முழுக்க இப்படியே போனது. அங்கே அக்டோபர் என்பது மழையும் இருட்டும். மாதக் கடைசியில் போன் செய்து, கணக்கு ஒப்பிப்பவள்போல ஒப்பித்தாள்: "இன்னிக்கு மொத்தம் மூணு வார்த்தடி. 'பை வேணாம், நன்றி.' நேத்து பை எடுத்துட்டுப் போகல, அதனால 'பை குடுங்க', ரெண்டுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வந்துவிடு என்றேன். பனி விழட்டும் என்றாள்.

பனி விழுவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அங்கே வீட்டுக்கு வீடு தபால்பெட்டி கிடையாது. தெருமுனையில் ஒரு கட்டையில் வரிசையாகப் பெட்டிகள் அறைந்திருக்கும். நவம்பரில் ஒரு காலை அவள் தபால் எடுக்கப் போனபோது எல்லாப் பெட்டியிலும் ஒரு பச்சைக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. பதினோரு பெட்டி. அவள் பெட்டியில் மட்டும் இல்லை. பாதைச் சங்கத்து நோட்டீஸ். பனி விழுமுன் ஊரே சேர்ந்து பாதையை வெட்டிச் சீராக்கி, பிறகு பள்ளிக்கூடத்தில் கூழும் காப்பியும் சாப்பிடுகிற நாள். பக்கத்துப் பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்ததைத் தலையைச் சாய்த்துப் படித்தாளாம். தொடவில்லை. அடுத்தவர் தபாலைத் தொடுவாளா அவள்? அந்தச் சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளிருந்து ரம்பச் சத்தத்தையும் சிரிப்புச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழைக்காம எப்படிடி போறது?" என்றாள் போனில். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

போ, போய் நில், என்ன செய்துவிடுவார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்கமாட்டேன். அழைக்காத இடத்துக்குப் போகிற ஜாதி இல்லை நாங்கள். உயிர் போனாலும் வீட்டுக்குள்ளேயே மரியாதையாகப் போகும்.

பனி விழுந்தது. முதல் நாள் பாதையில் எதிரே வந்த ஆரஞ்சுக்காரர் கோலை ஊன்றி நின்று, மேலே நீலம் போதும், கீழே ஊதா பூசுங்கள் என்று பத்து நிமிடம் பேசினாராம். குதித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். மறுநாள் கடையில் பார்த்தால் அவர் பாலாடைக்கட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்க இதேதான். கட்டையை மாட்டினால் மனிதர்கள், கழற்றினால் சுவர்கள். மார்ச்சில் ஒரு நாள் அவளே சொன்னாள்: "பாதைக்குப் போட்ட மார்க்க ஊருக்குப் போட்டுட்டோம்டி. ஆர்வித்தும் ஏமாந்துட்டாரு, பாவம்."

ஈஸ்டருக்கு நீ வா, முடிந்ததும் உன்னுடனேயே ஆஸ்லோவுக்குத் திரும்பிவிடுகிறேன் என்றாள். நர்ஸ் பெண்ணுக்கு ஒரு கடிதம்கூட எழுதி வைத்துவிட்டாள்: வீட்டை விற்கவில்லை, கோடையில் காலி செய்துகொடுங்கள் என்று. நான் அவளுக்காக வருத்தப்பட்டேன். வருத்தத்துக்கு அடியில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் போன பிறகு எனக்கும் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைதான் ஆகிக்கொண்டிருந்தது.

ஈஸ்டர் சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஏரியைக் கடந்து வெயில் சுவருக்குப் போனோம். நல்ல வெயில். கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம்விட்டு உட்கார்ந்தாள், வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். அந்த இடத்துக்கு அந்தப் பக்கம் நான். இதுதான் கடைசி என்று இருவருக்கும் தெரியும். கடிதம் அவள் பைக்குள் காப்பி பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் இருந்தது. ரயிலடியில் இருக்கிற தபால்பெட்டியில் செவ்வாய்க்கிழமை போட்டுவிட்டு, கையோடு போனிலும் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

ஆரஞ்சுக்காரர் வந்தார். கட்டையைக் கழற்றிப் பனியில் குத்திவைத்தார். எங்களுக்கு முன்னால் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்தார். பாதியை ஹால்டிஸிடம் நீட்டினார். முகத்தில் ஏதோ பெருமை. பரீட்சை எழுதி முடித்த பையனைப்போல் இருந்தார்.

"அப்புறம், குளிர்காலம் எப்படிப் போச்சு? அமைதியா இருந்துதா?" என்றார்.

அமைதிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்றாள் ஹால்டிஸ். அவள் குரலில் இருந்த கத்தி எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

"அதான வேணும்" என்றார். "சங்கத்து நோட்டீஸக்கூட உங்க பெட்டில போட விடலயே நானு. மஞ்ச வீட்ட விட்டுட்டுப் போடுன்னு சொல்லிட்டேன். கடைல இங்கிரிட்கிட்டயும் சொல்லிவச்சிருந்தேன். அவளுக்கு வாய மூடிக்கிட்டு இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். ஆனாலும் இருந்தா பாருங்க."

ஹால்டிஸின் கையில் ஆரஞ்சு அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டாள்.

அவர் குழம்பிப்போனார். இடத்தை, அந்தக் காலியாக விட்ட இடத்தை, தாடையால் காட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னாருல்ல? அவர் வந்த கடைசி ஈஸ்டர்ல. நீங்க அங்க இங்கிரிட்கிட்ட பேசிட்டிருந்தீங்க. இருபது வருஷத்துல அவர் எங்கிட்ட வாயத் தொறந்து பேசினதே அன்னிக்குத்தான். ரிட்டயரானதும் இங்கதான் வரப்போறோம்னாரு. அவ முப்பது வருஷமா கூட்டத்தச் சுமந்துட்டா, இங்க வந்தப்புறமாவது அவள நிம்மதியா விட்டுடுங்கன்னாரு. இந்த ஊர்க்காரங்க விட்டுடுவாங்கன்னு தெரியும், அதுக்குத்தான் பத்து மார்க் போட்டிருக்கேன்னாரு. என்ன மார்க்குன்னு எனக்குப் புரியல. ஆனா சரின்னு கையக் குடுத்தேன்." ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். "அவர் போயிட்டாருன்னு தெரிஞ்சப்புறம் அத எப்படி மீறுறது?"

பாதையில் மட்டும் பேசினீர்களே என்று நான் குறுக்கே கேட்டேன். பாதையில் பேசாமல் இருக்க முடியுமா, அது மரியாதை இல்லையே என்றார் அவர், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல.

ஹால்டிஸ் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் தலை இடிக்க இடிக்கச் சிரித்தாள். வெயிலில் கண் மூடியிருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பிறகுதான் அழுதாள். மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டே அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ரேடியோவ அணைச்சியே, போதாதா? ஊரையே அணைச்சுட்டுப் போனியா?"

அதைக் கேட்டு நான் அழுதேன். ஒருவரையொருவர் அவ்வளவு நேசித்தவர்கள் அவர்கள். இருபத்தெட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ஒரே கட்டத்தில் ஒரே மார்க்கைப் போட்டுவிட்டு, அவள் இவர்கள் பேசுவார்கள் என்று போட்டிருந்தாள், அவர் இவர்கள் பேசமாட்டார்கள் என்று போட்டிருந்தார். ஏன் பத்து என்று இரண்டு பேரில் ஒருவர் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

ஆரஞ்சுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தான் செய்த தப்பு என்னவென்று அவருக்கு மெல்லத்தான் விளங்கியது. தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"தப்பாப் போச்சுங்களா?" என்றார்.

"முப்பது வருஷமும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்கூட எங்கிட்ட பேசினது இல்ல" என்றாள் ஹால்டிஸ். "கதவுல பலகை மாட்டியிருந்தாங்க. அங்கேருந்து தப்பிச்சு வந்தா, நீங்க இங்க மாட்டிட்டீங்க." கையுறையைக் கழற்றினாள். கையை நீட்டினாள். "ஹால்டிஸ்."

அவர் தன் கையுறையையும் கழற்றினார். "தோர்லைஃப்" என்றார். இருபத்தைந்தாவது ஈஸ்டரில்.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதையில் பெயர் சொல்லுகிற வழக்கம் இல்லையே. கோடியில் இருந்த சிவப்புத் தொப்பி மட்டும் எழுந்து, கட்டை மாட்டாமலே பனியில் முழங்கால்வரை புதைந்து புதைந்து எங்களை நோக்கி வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு ரயில். ஞாயிறும் திங்களும் கடை மூடியிருந்தது. காலையில் திறந்ததும் எனக்கு வழிச்சாப்பாடு வாங்கப் போனோம். ஒரு ரொட்டியும் ஒரு பாலும் வாங்க நாற்பது நிமிடம் ஆனது. ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது. பால் அலமாரி முன்னால் ஒருவர் அவளிடம் அந்த மஞ்சள் வீட்டுக் கூரையின் குறைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னார். பின்னால் நின்றவர், எல்லாம் இவருடைய கற்பனை என்றார். கல்லாவில் இங்கிரிட் ஏழு மாதம் அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டினாள். பித்தப்பை முதலிலிருந்து ஆரம்பித்தது. வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கு நேரமாச்சா?" என்று ஹால்டிஸ் கேட்டாள். அவள் நகரவில்லை.

ரயிலடியில் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் பின்பக்கத்தில், கூரைக்கு நல்ல ஆள் யார் என்று பால் அலமாரிக்காரர் சொன்ன நம்பரைக் கடையிலேயே குறித்து வைத்திருந்தாள். அந்த நம்பரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டை அந்த நர்ஸ் பெண்ணுக்கே கொடுத்துவிடப்போகிறேன் என்றாள். சரி என்றேன். பின் அறையில் கட்டில் போட்டு வைக்கிறேன், நீ எப்போது வந்தாலும் உனக்கு என்றாள். அதற்கும் சரி என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவள் மேல்சட்டையில் ஆரஞ்சு மணத்தது.

வண்டியில் கூட்டம். ஈஸ்டர் முடிந்து திரும்புகிறவர்கள், எல்லோருக்கும் வெயிலில் சுட்டு மூக்கு சிவந்திருந்தது, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அளவுக்கு வெள்ளை. என் எதிரே ஒரு பெண்மணி. சனிக்கிழமை அதே சுவரோரத்தில் என்னிடம் உப்பு வாங்கியவள்தான், சந்தேகமே இல்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நானும் ஜன்னலைப் பார்த்தேன். நாலரை மணி நேரம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். எனக்காக யாரும் போய் அமைதி கேட்டு வைக்கவில்லை.

வீடு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல ஹால்டிஸுக்குப் போன் போட்டேன். லைன் பிஸி. காப்பி வைத்துவிட்டுப் போட்டேன். பிஸி. குடித்து முடித்துவிட்டு மறுபடி போட்டேன்.

அப்போதும் அவள் யாரிடமோ பேசிக்கொண்டுதான் இருந்தாள். நான் ரேடியோவைப் போட்டேன்.